எழுபத்து மூன்றாம் நம்பர் விளையாட்டு

எஸ்டேட் லைன் வீடுகளில் யாருக்காவது காத்து கருப்பு அடித்துவிட்டது என்று எலுமிச்சம்பழம் தேடி ஓடுவார்கள் பாருங்கள், அப்போது, அது காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று வாசலில் நின்று சண்டை போடுகிறவன் நான். அப்பா தேயிலை ஃபாக்டரியில், அம்மா கொழுந்து பறிக்க. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக இந்த மாதிரிக் கதைகளை யார் சொன்னாலும் இரண்டு கேள்வி கேட்டு வாயை அடைத்துவிடுவேன். இப்போது நானே ஒன்றைச் சொல்லப் போகிறேன். நீங்களும் இரண்டு கேள்வி கேட்பீர்கள். கேளுங்கள், எனக்கும் பதில் வேண்டியிருக்கிறது.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அன்றைக்கு ஊருக்குப் போனதே அதற்காகத்தான். பழைய வீடியோ கேம்களைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் எழுதி வருகிறேன். துப்பாக்கி பிடித்து ஓடுவது, காளானை மிதித்துக் குதிப்பது இதெல்லாம் ஊருக்கே தெரியும், அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது யாரும் சீந்தாமல் போனவை. ரயில் தண்டவாளத்தைத் திருப்பி விடுவது மட்டுமே வேலையாக இருக்கும் ஒன்று. பனிக்கட்டிக் கடலில் தபால் மூட்டையைக் கொண்டு சேர்க்கும் படகு ஒன்று, அதில் எதிரியே கிடையாது, குளிர்தான் எதிரி. இப்படி எழுதினால் எங்கேயோ ஒரு மூலையிலிருந்து ஒருத்தர், ஐயோ இதை நானும் ஆடியிருக்கிறேன் என்று பதில் போடுவார். அந்த ஒரு ஆளுக்காக எழுதுவது.

எங்கள் லைனில் டிவி கேம் இருந்தது ஒரே வீட்டில்தான், தினேசு வீட்டில். தினேசு என் வயசு, எங்களுக்கு நாலு வீடு தள்ளி. இலவசமாகக் கிடைத்த கலர் டிவியும், அவன் மாமா கோயமுத்தூரில் இருந்து கொண்டுவந்த கேம் டப்பாவும், மஞ்சள் கேசட் ஒன்றும். கேசட்டைப் போட்டால் நூற்றுச் சொச்சம் விளையாட்டின் பெயர் பட்டியலாக வரும், எல்லாம் இங்கிலீஷில். அதை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்வது என் வேலை, அங்கே இருந்தவர்களில் எனக்குத்தான் ஏபிசிடி சரளமாக வரும். நான் படித்துச் சொன்ன பெயரைத்தான் போடுவார்கள். எழுபத்து மூன்றாம் நம்பரில் மட்டும் பெயரே இல்லை, கட்டங்களும் கோடுகளுமாக ஏதோ கிறுக்கல். என்னால் படிக்க முடியவில்லை. படிக்கத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள ரோஷம் விடாமல், "அது ஓடாதுடா, கேசட்டு கெட்டுப்போன எடம்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் அதை யாரும் தொடவில்லை. ஒரு நல்ல விளையாட்டு கண்டுகொள்ளப்படாமல் போக எத்தனையோ காரணம் இருக்கும், எங்கள் லைனில் காரணம் நான்.

ஒருநாள் தினேசு கை தவறி அழுத்திவிட்டான், அது ஓடியது. இருட்டான சுரங்கம். இரண்டு குட்டி மனிதர்கள். முதல் ஆள் கையில் விளக்கு, இரண்டாவது ஆள் கையில் மண்வெட்டி. விளக்குக்காரன் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் வெளிச்சம், விட்டால் திரை முழுக்க இருட்டு. அந்த வெளிச்சத்தில் மற்றவன் தோண்டிக்கொண்டு போக வேண்டும். சுடுவதும் இல்லை, மார்க்கும் இல்லை. மற்ற பையன்கள் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏன்டா, எங்கம்மா நாள் பூரா வேல செஞ்சுட்டு வருது, நானும் டிவிக்குள்ள போயி வேல செய்யோணுமா?" என்று எழுந்து போய்விட்டார்கள். எனக்கும் தினேசுக்கும் மட்டும் பிடித்துப்போனது. நான் விளக்கு, அவன் மண்வெட்டி. அவனுக்கு ஒரு பழக்கம், நான் பின்தங்கிவிட்டால் தன் ஆளை இரண்டு தடவை உட்கார வைத்து எழுப்புவான். வாடா என்று அர்த்தம். அப்புறம், வழி வலப்பக்கம் மேலே போகும், இவன் வேண்டுமென்றே இடப்பக்கம் இறங்குவான். அங்கே சுவரோரம் தண்ணீர் சொட்டும், போனால் ஒன்றும் கிடைக்காது, போய்ச் சும்மா நிற்பான். "அந்தச் சத்தம் நல்லாருக்குடா" என்பான்.

அந்த விளையாட்டுக்கு வீட்டில் இன்னொரு உபயோகமும் இருந்தது. எங்கள் பக்கம், ஊட்டி மலையில் குந்தா தாண்டி மேலே, மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் மிஸ்ட் இறங்கிவிடும், கையை நீட்டினால் கை தெரியாது. பிள்ளைகளைக் கூப்பிட்டால் சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, அடுத்த மலையில் பட்டுத் திரும்பும். மற்ற விளையாட்டுகள் தொடங்கும் முன் பாட்டு ஒரு தடவை பாடி நின்றுவிடும், இது மட்டும் யாரும் தொடாதவரைக்கும் சுற்றிச் சுற்றிப் பாடிக்கொண்டே இருக்கும். தினேசின் அம்மா சரோஜாம்மா டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி, எழுபத்து மூன்றைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிடுவார். அந்தப் பாட்டு கேட்கிற பக்கம் வீடு. நாங்கள் தேயிலைச் செடியைத் தடவிக்கொண்டே வந்து சேர்ந்துவிடுவோம்.

இப்போது நான் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. தினேசு இங்கேயே, செல்போன் டவர்களுக்கு ஜெனரேட்டர், பேட்டரி பார்க்கிற வேலை, பைக்கில் மலை மலையாகச் சுற்றுவான். அந்தக் கேசட்டைப் பற்றி எழுத வேண்டும், படம் பிடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். "பரண் மேலதான் கெடக்குது, சனிக்கிழம வாடா" என்றான். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிப் போனால் லைன் வாசலில் கூட்டம். வெள்ளிக்கிழமை காலையில் டவர் பார்க்கப் போனவன் திரும்பவில்லை. மழை பெய்தால் டவர் அறையிலேயே தங்கிவிடுவான் என்பதால் சரோஜாம்மா ராத்திரி பயப்படவில்லை. டவர் ஓடாததால் அந்தப் பக்கம் யாருக்கும் போனும் எடுக்கவில்லை. விடிந்து ஆள் போய்ப் பார்த்தால் பைக் டவர் அடியில் நிற்கிறது, அறை பூட்டியிருக்கிறது, அவனைக் காணோம்.

நானும் தேடப் போனேன். ஃபாரஸ்ட் வாச்சர் பெள்ளியண்ணன்தான் முன்னால். ஜீப் ரோடு, அதற்கு வலப்பக்கத்துத் தேயிலைச் சரிவு, எல்லாம் கத்திக்கொண்டே அலசினோம். இடப்பக்கம் சோலை, அதற்குள் ஓடை, இடிந்துபோன பம்ப் ஹவுஸ். அந்தப் பக்கம் காட்டு மாடு பத்துப் பன்னிரண்டு நின்றது, அதனால் யாரும் போயிருக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். பத்து மணிக்கே நான் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன்.

"பட்டணத்துக் காலு, இனி ஒன்ன வேற தூக்கோணும். ஊட்டுக்குப் போயி அந்தம்மா கூட உக்காரு தம்பி" என்றார் பெள்ளியண்ணன். அப்புறம் என்னைத் தனியாக இழுத்து, "நனைஞ்ச துணியோட ஒரு ராத்திரி தாங்கிருப்பான். ரெண்டாவது ராத்திரி தாங்காது. பொழுது சாயறதுக்குள்ள கெடைக்கோணும்" என்றார்.

வீட்டில் சரோஜாம்மா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மத்தியானம் இரண்டரை இருக்கும், மிஸ்ட் இறங்கி ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. திடீரென்று எழுந்தார்.

"கண்ணு, பரண் மேல இருந்து அந்தக் கேம் டப்பாவ எறக்கு."

"எதுக்குங்கம்மா இப்ப?"

"அந்தப் பாட்டப் போட்டு வுடு. எங்க இருந்தாலும் வந்துருவான்."

மூன்று மைலுக்கு அப்பால் இருக்கிறவனுக்கு டிவி சத்தம் கேட்காது என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல நான் அவ்வளவு படித்தவன் இல்லை. இறக்கினேன். இரண்டு ஜாய்ஸ்டிக்கில் ஒன்றின் வயரை எலி பாதிக்குமேல் தின்றிருந்தது, அதைக் கட்டிலில் தூக்கிப் போட்டேன். கேசட்டை ஊதிச் செருகினேன். எழுபத்து மூன்று. பாட்டு வந்தது. சரோஜாம்மா டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி, சத்தத்தை முழுக்க வைத்தார். பக்கத்து வீடுகளில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

பாட்டு பத்து இருபது சுற்று சுற்றியிருக்கும். சும்மா உட்கார முடியாமல் என் கை ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, சிநேகிதனைக் காணோம், இவன் விளையாடுகிறான் என்று நினைப்பார்களே என்று. சுரங்கம் வந்தது. என் விளக்குக்காரன். அவனுக்குப் பக்கத்தில் மண்வெட்டிக்காரன். ஒரு ஜாய்ஸ்டிக்கோடு ஆடினால் மண்வெட்டிக்காரன் வாசலிலேயே பொம்மை மாதிரி நிற்பான், அப்படித்தான் எப்போதும்.

நம்பினால் நம்புங்கள், அவன் நடந்தான்.

பழைய கேசட், செருகுகிற முனையில் துரு, கோளாறு வரும். இந்த மாதிரிக் கோளாறுகளைப் பற்றி நானே மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். கோளாறு என்றால் ஆள் சுவருக்குள் போவான், நடுங்குவான், ஒரே திசையில் ஓடுவான். இவன் இரண்டு அடி போய் நின்றான். திரும்பினான். இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தான்.

கட்டிலைப் பார்த்தேன், எலி தின்ற ஜாய்ஸ்டிக் அங்கேயே கிடந்தது. சோதித்துப் பார்க்கலாம் என்று பட்டனை விட்டேன், திரை இருண்டது. பத்து வரை எண்ணி அழுத்தினேன். அவன் அங்கேயே, இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தான். மறுபடி விட்டேன், இருபது எண்ணினேன். மறுபடி அதே. பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன், அடுத்தது என்ன என்று பார்க்கிற ஆசைதான் வந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வலப்பக்க வழியை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடப்பக்கம் இறங்கினான், இறங்கி, தண்ணீர் சொட்டுகிற சுவரோரம் போய், உட்கார்ந்தான். எழவில்லை. சின்ன வயதில் தினேசு அங்கே நிற்பான். ஒருநாளும் உட்கார்ந்தபடியே இருந்ததில்லை.

எனக்குப் பின்னால் சரோஜாம்மா சொன்னார், "கால்ல அடிபட்டிருக்குது. அதான் ஏந்திரிக்க மாட்டேங்கறான்."

டிவியைப் பார்த்துத்தான் சொன்னார். சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

இடப்பக்கம். தண்ணீர். நான் எழுந்துவிட்டேன். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தால் விளக்கு அணைந்துவிடும், அதை வைக்க எனக்கு மனசு வரவில்லை, ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. சரோஜாம்மா கையில் கொடுத்தேன், கட்டை விரலைப் பட்டன் மேல் எடுத்து வைத்தேன்.

"இத வுடாம அமுத்திட்டே இருங்கம்மா."

"எம்புட்டு நேரம்?"

"நான் வர்ற வரைக்கும்."

"வருசம் முப்பதாச்சு கண்ணு கொழுந்து பறிச்சு. இந்த வெரலு நோவாது. நீ போ."

நொண்டிக்கொண்டே ஓடினேன். ஜீப் ரோட்டு முனையில் தேடப் போனவர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள், மிஸ்ட் கலையட்டும் என்று. பெள்ளியண்ணனிடம் போய், பம்ப் ஹவுஸ் பக்கம் பார்க்க வேண்டும் என்றேன்.

"மாடு நிக்குது தம்பி. கண்ணும் தெரியாம அதுங்க நடுவுல போயி நின்னா, நாளைக்கு நம்மளத் தேட ஆளு வேணும். எத வெச்சுச் சொல்ற?"

டிவியில் பார்த்தேன் என்று சொன்னால் என்ன ஆகும்? கூட்டத்தில் ஒருத்தர் சிரிப்பார், அதோடு முடிந்தது. நான் பொய் சொன்னேன்.

"போன வாரம் போன்ல சொன்னானுங்கண்ணா. ரோட்டுல மாடு நின்னா ஓட வழியா எறங்கிருவேன்னு."

"சத்தியமா?"

"சத்தியமாங்கண்ணா."

என் வாழ்க்கையில் தெரிந்தே செய்த பொய்ச் சத்தியம் அது ஒன்றுதான். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "தகரத்த எடுங்க, தட்டிட்டே போலாம்" என்றார்.

தகரத்தைத் தட்டித் தட்டி, ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். மாடுகள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, எங்கே என்று தெரியவில்லை. ஓடையோரம் இரண்டு பாறைக்கு நடுவில் கால் மாட்டிக்கொண்டு, தண்ணீர் வழிகிற பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "கேமு எடுக்க வந்தியா, கேமுதான் பரண்ல இருக்குதுன்னு சொன்னனே, இங்க எதுக்குடா வந்த?" என்றான். பெள்ளியண்ணன் சிரித்தார், நான் அழுதேன்.

ஆம்புலன்ஸ் ரோடு வரைக்கும் வந்தது. ஊட்டி ஆஸ்பத்திரிக்கு அவனை ஏற்றிவிட்டு, சரோஜாம்மாவைக் கூட்டிவர நான் ஜீப்பில் லைனுக்கு வந்தேன். வீட்டுக்குள் இருட்டாக இருந்தது, டிவி ஓடவில்லை. அவர் டிவிக்கு எதிரில் அப்படியே உட்கார்ந்திருந்தார், கையில் ஜாய்ஸ்டிக், கட்டை விரல் பட்டன் மேல்.

"கெடச்சுட்டானுங்கம்மா. உசிரோட இருக்கறான். கால்தான்."

விரலை எடுத்தார். அதற்கப்புறம்தான் அழுதார்.

"எப்பங்கம்மா கரண்டு போச்சு?"

"நீ அக்கட்டால போன, இங்க கரண்டு போச்சு. நீ வுடக் கூடாதுன்னியல்ல, நான் வுடுல."

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்ட காலோடு படுத்துக்கொண்டு தினேசு நடந்ததைச் சொன்னான். டவரும் சரியாகவில்லை, பைக்கும் ஸ்டார்ட் ஆகவில்லை, அறையைப் பூட்டிவிட்டு நடந்து வரும்போது ரோட்டில் மாடு மறித்தது, சுற்றிப் போகலாம் என்று ஓடைக்கு இறங்கினான், மிஸ்ட் மூடிவிட்டது, வழுக்கினான். நான் பொய்யாகச் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. சனிக்கிழமை மத்தியானம் தூக்கம் தூக்கமாக வந்ததாம், தூங்கினால் முடிந்தது என்று தெரிந்தும் கண் மூடப் போன நேரத்தில் எதிர்ப் பாறை மேல் ஒரு வெளிச்சம் வந்ததாம்.

"டார்ச்சுன்னா வெள்ளையா இருக்குமல்ல, இது மஞ்சளு. மொதல்ல ரெண்டு தடவ அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது. அப்பறம் நின்னு எரிஞ்சுது. நீங்க தகரம் தட்டிட்டு வர்ற வரைக்கும் எரிஞ்சுதுடா. நடுவுல ஒரே ஒருக்கா, கண்ணச் சிமிட்டற நேரம் அணைஞ்சுது."

சரோஜாம்மா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "தும்மல் வந்துச்சு" என்றார்.

உங்களுக்குத் தோன்றுவதெல்லாம் எனக்கும் தோன்றியது. குளிரில் மூளை குழம்பினால் வெளிச்சம் தெரியும், டாக்டரே சொன்னார். அணைந்ததையும் தும்மியதையும் பிற்பாடு பேசிப் பேசி நாமே பொருத்திக்கொண்டிருப்போம். கேசட் கோளாறு தற்செயலாக அப்படி நடந்திருக்கலாம். அந்த விளையாட்டின் பெயர் என்ன, யார் செய்தது என்று எத்தனையோ சேகரிப்பாளர்களிடம் கேட்டுவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அதுகூட அதிசயமில்லை, தெரியாமல் போனவைதானே என் பக்கம் முழுக்க. எல்லாவற்றுக்கும் என்னால் ஒரு சமாதானம் சொல்ல முடியும்.

ஆரஞ்சுச் சுளையை என்னிடம் நீட்டியபோதுதான் கவனித்தேன். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துக் காய்த்துப்போன அந்தக் கட்டை விரலின் நடுவில், வட்டமாக ஒரு கொப்புளம், தண்ணீர் கோத்து நின்றது. அழுத்திப் பிடித்துத் தோல் உரிந்த கொப்புளம் எப்படி இருக்கும் என்று தேயிலைக்காட்டுப் பிள்ளைக்குத் தெரியும், இது சுட்ட கொப்புளம். காயம் கட்டுகிற நர்ஸம்மாவும் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, அடுப்புல சுட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டார். சனிக்கிழமை ராத்திரி நான் அவரை ஊட்டிக்குக் கூட்டிவருகிற வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை, அதற்கப்புறம் அவர் ஆஸ்பத்திரியை விட்டு நகரவும் இல்லை. நான் அந்த ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கி வைத்தவன், கரண்டு போன வீட்டில் அது ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது.

சரோஜாம்மா விரலைத் திருப்பிப் பார்த்தார். முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அத்தன நேரம் வெளக்கப் புடிச்சா சுடாதுங்களா?" என்றார் நர்ஸம்மாவிடம்.